பதினாலாம் இலை காலி

கீழச்சாத்தங்கரை பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கிறது. அதன் மேல் "பெயிண்ட் ஈரம், உட்காராதீர்" என்று ஓர் அட்டை தொங்குகிறது. பெயிண்ட் அடித்தவர் அட்டையை எடுக்க மறந்து வெளியூர் போனார். போன இடத்திலேயே கல்யாணம் கட்டிப் பிள்ளைகுட்டியும் பெற்றுவிட்டார். பெஞ்சில் இப்போது பெயிண்டே கிடையாது, எல்லாம் உரிந்துவிட்டது. ஆனாலும் எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இன்றுவரை அதில் உட்கார்ந்ததில்லை. பக்கத்தில் நின்றுதான் பஸ்ஸுக்குக் காத்திருப்போம். எழுதி வைத்த சொல்லுக்கு அவ்வளவு மரியாதை. வெளியூர்க்காரன் எங்களை முட்டாள் என்றால் கோபம் வரும். நாங்களே சொல்லிக்கொள்வதில் ஆட்சேபணை இல்லை.

அப்பேர்ப்பட்ட ஊரிலும் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடந்தது. கருப்பட்டி மிட்டாய்க் கடை மாடியில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் சங்கிலி அண்ணாச்சி. மதுரையில் நடந்த கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போய், மத்தியானச் சாப்பாடு வரைக்கும் கவனமாகக் கேட்டுவிட்டு வந்தவர். வைரவன் போனில் ஓடும் ஆப்களைச் செய்வான். செந்தட்டிக்கு யோசிப்பதுதான் உத்தியோகம். அவன் ஒரு யோசனை சொன்னால் மற்றவர்களுக்கு இரண்டு வேலை கூடும். நாலாவது ஆள் தவசி. அவனிடம் சொந்தமாக லேப்டாப் இருந்ததால் புரோகிராம் எழுதும் பொறுப்பை அவனிடம் கொடுத்திருந்தார்கள்.

இந்தத் தவசிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் செண்பகவல்லி, மண்டபக்காரர் ஆவுடையப்பனின் ஒரே மகள். பெண் பார்க்கப் போன அன்று அவள் "காபி சூடா இருக்கு, பாத்துக் குடிங்க" என்றாள். தவசி காபியைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே குடித்து, பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை மறுபடி பார்க்காமல் தன்னால் இருக்க முடியாது என்று அன்றைக்கே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ஆவுடையப்பனுக்கு ஊரெல்லாம் நல்ல பேர், ஆனால் அவருடைய மண்டபத்துப் பந்திக்கு மட்டும் கெட்ட பேர். ஒருவர் சாப்பிட உட்கார்ந்தால் அவர் நாற்காலிக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நின்றுவிடுவார். முன்னவருக்கு ரசம் ஊற்றும்போதே பின்னவர் "மோர் வரலையா?" என்று விசாரிப்பார். எழுந்திருப்பதற்குள் பின்னவர் நாற்காலியை இழுத்ததில் சாப்பிட்டவர் தரையில் விழுந்த சம்பவங்களும் உண்டு. அதனால் அவர் வருங்கால மருமகனைக் கூப்பிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"உங்க கம்ப்யூட்டர வெச்சு இந்தப் பந்திக்கு ஒரு வழி பண்ணுங்க மாப்ளே. முகூர்த்தத்தன்னைக்கு காலைப் பந்தி தள்ளுமுள்ளு இல்லாம முடிஞ்சாத்தான் எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறும். ஒரு நாற்காலி சாஞ்சாலும் அவ அப்பன் வீட்டுலயே இருக்கட்டும்."

தவசி நேரே மாடியேறிப் போய் அண்ணாச்சியிடம் சொன்னான். அண்ணாச்சி கண்ணை மூடி மதுரையை நினைத்துப் பார்த்துவிட்டு, இதற்கு வெப் சர்வீஸ்தான் மருந்து என்றார். ஒரு கம்ப்யூட்டர் பதில் சொல்லும், அது சர்வர். இன்னொன்று கேள்வி கேட்கும், அது கிளையன்ட். விருந்தாளிகள் தங்கள் போனிலிருந்து "இடம் இருக்கா?" என்று கேட்க வேண்டியது, பந்தியிலிருக்கும் சர்வர் எந்த இலை காலி என்று சொல்ல வேண்டியது. தள்ளுமுள்ளுக்கு வேலையே இல்லை.

கூடவே அதற்குரிய ஆசாரங்களையும் சொன்னார். சர்வர் தானாக வாயைத் திறக்கக் கூடாது, கேட்டால்தான் சொல்லணும். முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்த கேள்விக்கு மட்டும்தான் பதில். போன நிமிஷம் யார் வந்தார்கள், என்ன சொன்னோம் என்பதெல்லாம் நினைவில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு கேள்வியும் முதல் கேள்விதான். கிளையன்ட்டுக்குப் பதில் வராவிட்டால் மறுபடி கேட்கலாம்.

கடைசி விதியை வைரவன் அன்றைக்கே சோதித்துப் பார்த்தான். ஜன்னல் வழியாகக் கீழே டீக்கடையைப் பார்த்து "நாலு டீ" என்றான். பதில் வரவில்லை. மறுபடி சொன்னான். அப்புறமும் சொன்னான். கடைக்காரர் வாயால் பதில் சொல்லும் பழக்கம் இல்லாதவர். கேட்ட டீயையெல்லாம் போட்டு மேலே அனுப்பிவிட்டார். மேஜை கொள்ளாமல் தரையிலும் டம்ளர்கள் நின்றன. எல்லா டீயையும் குடித்து முடித்துவிட்டு அண்ணாச்சி இன்னொரு விதி சேர்த்தார்: ஒரே வேலையை எத்தனை தடவை கேட்டாலும் ஒரு தடவைதான் செய்யணும்.

தவசி புரோகிராம் எழுத உட்கார்ந்தான். முதல் வாரம் அவனுடைய சர்வர் எதைக் கேட்டாலும் "வணக்கம்" என்று மட்டும் சொன்னது. இடம் இருக்கா என்றால் வணக்கம். இலை எத்தனை என்றால் வணக்கம். நாலு பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, கீழிருந்து மிட்டாய் வாங்கிக் கொண்டாடினார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சிரிக்க வேண்டாம், முதல் புரோகிராமாக ஒரு வணக்கத்தைச் சொல்ல வைத்து நாம் எல்லாருமே அந்த மிட்டாயைத் தின்றவர்கள்தான்.

சர்வர் எழுதுகிறவனுக்கும் சர்வரின் குணம் வரவேண்டும் என்று அண்ணாச்சி சொன்னதால் தவசி எல்லாவற்றையும் மறந்து பழகினான். "மாவு வாங்கச் சொன்னேனே?" என்று அம்மா கேட்டால், "முதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க" என்பான். அந்த அம்மாள் அவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்து விபூதி போட்டுக் கூட்டிவந்தாள். எதற்குப் போட்டது என்பதையும் அவன் மறந்துவிட்டான். செண்பகவல்லியின் சிரிப்பை மட்டும் மறக்க முடியவில்லை. அது தன்னிடம் இருக்கும் குறை என்று மனசுக்குள் வருத்தப்பட்டான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்தில் லேப்டாப்பைக் கொண்டுபோய் வைத்தார்கள். சர்வருக்குள்ளே என்ன நடக்கிறது என்று கிளையன்ட்டுக்குத் தெரியக் கூடாது என்பது மதுரையில் சாப்பாட்டு மணி அடிக்கும்போது சொன்ன விஷயம். ஆகவே பந்தி நடக்கும் கூடத்தின் மூலையில் சமையல்காரரிடம் வேட்டி வாங்கி, லேப்டாப்பையும் தவசியையும் சேர்த்துத் திரை கட்டினார்கள். தவசி உள்ளே உட்கார்ந்து பார்த்தான். வேட்டி தெரிந்தது.

"அண்ணாச்சி, இங்கன இருந்து இலை ஒண்ணும் தெரியலையே. எது காலின்னு நான் எப்படிச் சொல்ல?"

அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார். திரையை எடுத்தால் விதி போய்விடும், எடுக்காவிட்டால் கல்யாணம் போய்விடும். அப்போதுதான் செந்தட்டி தொண்டையைச் செருமினான்.

"ஒரு சர்வர் இன்னொரு சர்வர்கிட்ட கேக்கலாம்லா? கேக்கும்போது அது கிளையன்ட் ஆயிரும். தவசி எங்கிட்ட கேக்கட்டும். நான் பந்தி பக்கத்துல நின்னு பாத்துச் சொல்லுதேன்."

"அப்ப நீயும் சர்வர்தானடே?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப ஒனக்கும் திரை வேணும்லா?"

செந்தட்டி இதை எதிர்பார்க்கவில்லை என்றாலும் நியாயத்தை மறுக்க அவனால் முடியவில்லை. அவனுக்கும் ஒரு வேட்டி கட்டினார்கள். நல்லவேளையாக அந்த வேட்டியில் அடுப்புப் பொறி பட்டு ஓர் ஓட்டை இருந்தது. ஓட்டையில் கண்ணை வைத்தால் நேர் எதிரே பதினாலாம் இலை அம்சமாகத் தெரிந்தது. அது மட்டும்தான் தெரிந்தது. மதுரைப் பயிற்சியில் ஓட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லாததால் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

விடிந்தது. நாதஸ்வரம் ஆரம்பித்தது. மாடியில் மணமேடை, கீழே பந்தி. கல்யாண மாப்பிள்ளை பட்டுவேட்டியும் மாலையுமாகத் திரைக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். சர்வர் இடத்தை விட்டு அசையக் கூடாது, லேப்டாப்பை ஓட்ட வேறு ஆளும் கிடையாது. வந்தவர்கள் போனில் எல்லாம் வைரவன் ஆப்பை ஏற்றிவிட்டான். அதில் மேலே "இடம் இருக்கா?" என்று ஒரு பொத்தான், கீழே கொட்டை எழுத்தில் "வரிசையில் நிற்கவும்".

முதல் ஆள் பொத்தானை அழுத்தினார். தவசி செந்தட்டியிடம் கேட்டான், செந்தட்டி ஓட்டையில் பார்த்துச் சொன்னான், போனில் "பதினாலாம் இலை காலி" என்று வந்தது. இரண்டாவது ஆளும் அழுத்தினார். முதல் ஆளுக்கு என்ன சொன்னோம் என்பதை சர்வர்தான் நினைவில் வைக்கக் கூடாதே. அவருக்கும் பதினாலாம் இலைதான். மூன்றாமவருக்கும் அதே. முதல் ஆள் கைகழுவி வந்து உட்காருவதற்குள் கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் பதினாலாம் இலைக்குச் சொந்தக்காரர்கள்.

வேறு ஊராக இருந்தால் அடிதடி ஆகியிருக்கும். எங்கள் ஊரில் வரிசையில் நிற்கச் சொல்லி எழுதியிருந்தது. இத்தனை காலமும் யாரும் எழுதவில்லை, அதனால் தள்ளிக்கொண்டோம். பதினாலாம் இலைக்குப் பின்னால் ஆரம்பித்த வரிசை கூடத்தைச் சுற்றி, கைகழுவும் இடத்தைத் தாண்டி, வாசல் வாழைமரம் வரைக்கும் போனது. மற்ற இலைகளில் பொங்கலிலும் வடையிலும் ஆவி பறந்தது. தொட ஆளில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு நின்ற பரிமாறுகிறவர்கள் கை வலித்துக் கீழே வைத்தார்கள்.

ஆவுடையப்பன் வந்து பார்த்தார். ஒரு நாற்காலிகூடச் சாயவில்லை. யாரும் யாரையும் இடிக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு, தன் மண்டபத்தில் இப்படி ஒரு பந்தியைப் பார்க்காமலே செத்துப்போவோம் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார்.

பதினாலாம் இலையில் முதலில் உட்கார்ந்தவர் மூன்றாவது தடவை சட்னி கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் ஐயர் மாடியிலிருந்து மாப்பிள்ளையை அழைத்து வரச் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளையைக் காணோம். மாப்பிள்ளை அறையில் இல்லை, மாடியில் இல்லை, கொல்லைப்புறத்தில் இல்லை. ஆவுடையப்பன் மேலும் கீழும் ஓடினார். அண்ணாச்சிக்கு மாப்பிள்ளை இருக்குமிடம் தெரியும், ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. வைரவனிடம் கேட்டார்கள். ஆப்பில் அந்தக் கேள்விக்குப் பொத்தான் இல்லையே என்று அவன் கையை விரித்தான்.

திரைக்குள் தவசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். தன்னைத்தான் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. தானாக வாயைத் திறந்தால் விதி உடையும். விதி உடைந்தால் பந்தி குலையும். பந்தி குலைந்தால் செண்பகவல்லி கிடைக்க மாட்டாள். பேசாமலே இருந்தாலும் கிடைக்க மாட்டாள் போலிருந்தது. தன்னைப் போல ஒரு மடையன் உலகத்தில் உண்டா என்று யோசித்துப் பார்த்தான். திரைக்கு வெளியே இரண்டு மூன்று பேர் ஞாபகத்துக்கு வந்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அப்போது திரைக்கு வெளியே வளையல் சத்தம் கேட்டது.

"உள்ள இருக்கிறது நீங்கதானா?" என்றாள் செண்பகவல்லி.

மணப்பெண் அலங்காரத்தோடு அவளே இறங்கி வந்திருந்தாள். தவசிக்கு "ஆமா" என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு லேப்டாப்பில் தட்டினான். அவள் போனில் "இந்தக் கேள்விக்கு ஏற்பாடு இல்லை" என்று வந்தது.

வேறு பெண்ணாக இருந்தால் திரையைக் கிழித்திருப்பாள். செண்பகவல்லி எங்கள் ஊரில் பிறந்து எங்கள் ஊரில் வளர்ந்தவள். ஏற்பாடு இல்லையென்றால் இல்லைதான் என்று தலையாட்டிவிட்டு அடுத்த திரைக்குப் போய் செந்தட்டியிடம் யோசனை கேட்டாள். அவனிடம் யோசனை கேட்பதற்கு ஏற்பாடு என்றைக்குமே உண்டு.

"அவன்ட்ட நீ கேக்கக் கூடாதும்மா. அவன் ஒங்கிட்ட கேக்கலாம். எனக்குப் பதிலா நீ சர்வர் ஆயிரு."

லேப்டாப்பிலிருந்து கேட்பது இனி நேரே அவளுக்குப் போகும்படி வைரவன் அவள் போனை வாங்கி ஏதோ செய்தான். செந்தட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தான். செண்பகவல்லி மாடிக்குப் போய் மணமேடையில் உட்கார்ந்து, திரைக்குப் பதிலாக முந்தானையை முகத்துக்கு நேரே இழுத்துவிட்டுக்கொண்டாள். கீழே வாழைமரத்தடியில் யாரோ பொத்தானை அழுத்த, தவசி வழக்கம்போல் "இடம் இருக்கா?" என்று கேட்டான்.

"மணமேடையில் ஒரு இடம் காலி" என்று பதில் வந்தது.

தவசிக்கு அதைப் படித்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை நாளாகத் தான் கட்டிய சர்வீஸ் முதல்முறையாகத் தனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறது. மாலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். எழுந்தவன் லேப்டாப்பை அப்படியே ஓட விட்டுவிட்டான். அது தன் கடமைப்படி, வந்த பதிலைக் கேட்டவர்கள் எல்லாருக்கும் அனுப்பியது. பசியோடு பொத்தானை அழுத்திக்கொண்டிருந்த அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் சிணுங்கின. மணமேடையில் ஒரு இடம் காலி.

அவன் திரையை விலக்கி வருவதற்குள் பதினாலாம் இலை வரிசை அப்படியே திரும்பி மாடியேறிவிட்டது. வரிசையின் தலை மணமேடையில் இருந்தது, வால் மாடிப்படியின் அடியில். தவசி வாலுக்குப் பின்னால் போய் நின்றான்.

ஆவுடையப்பன் ஓடிவந்தார். "மாப்ளே, நீங்க முன்னால போங்க."

"வரிசையில் நிற்கவும்னு எழுதியிருக்கு மாமா."

அவர் போனை வாங்கிப் பார்த்தார். எழுதித்தான் இருந்தது. மருமகனுக்குத் துணையாகப் பின்னால் அவரும் நின்றுகொண்டார். காலைப் பந்தி முடிந்தால்தானே தாலி என்று திடீரென்று ஒரு சந்தேகம் அவருக்கு. பந்தியில் ஆளே இல்லை, அப்படியென்றால் முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம் என்று செந்தட்டி தெளிய வைத்தான்.

மேலே ஒவ்வொருவராகப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஐயர் பேரும் கோத்திரமும் கேட்டார், சொன்னார்கள். முன்னால் இலை இருக்கிறதா என்று பார்த்தார்கள், ஓமகுண்டம்தான் இருந்தது. எழுந்து போனார்கள். பொய் சொல்வானேன், நானும் உட்கார்ந்து பார்த்தேன். வடை வாசனைகூட வரவில்லை. செண்பகவல்லி முந்தானைக்குள் இருந்தபடியே, அடுத்தவருக்கு வழி விடுங்க சித்தப்பா என்றாள்.

வரிசை மளமளவென்று நகர்ந்தது. தவசிக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் பாக்கி. அவர் சட்னிப் பிரியர். பதினாலாம் இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், புது இடத்தில் என்ன போடுகிறார்கள் என்று பார்க்க வந்திருந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இலை வரும் என்று சம்மணம் போட்டுவிட்டார். முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்று ஐயர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

தவசி போனை அழுத்தினான். இடம் இருக்கா? செண்பகவல்லி முந்தானையை ஒதுக்கிப் பக்கத்தில் பார்த்தாள். "இல்லை" என்று வந்தது. அவனுக்கு உயிரே போய்விட்டது. மறுபடி கேட்டான். இல்லை. அவள் பொய் சொல்ல மாட்டாள், அதுதான் அவனுக்கு அவளிடம் பிடித்தது, அதுதான் இப்போது அவன் கழுத்தை அறுத்தது.

அந்த நேரம் கீழே சமையல்காரர் ஆறிப்போன வடையை எடுத்துவிட்டுச் சூடாக வேறு போட்டார். மணம் மாடிக்கு வந்தது. சட்னிப் பிரியர் மூக்கை உறிஞ்சினார், எழுந்தார், இறங்கிப் போனார். தவசி போனைப் பார்த்தான்.

"இருக்கு. சீக்கிரம் வாங்க."

உட்கார்ந்த வேகத்தில் அவன் மாலை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐயர் தாலியைக் கையில் கொடுத்தார். மேளம் கொட்டியது. தவசி முதல் முடிச்சைப் போட்டான். மற்ற இரண்டு முடிச்சையும் போட அவன் அக்கா கையை நீட்டினாள்.

"நிறுத்துங்க" என்றார் சங்கிலி அண்ணாச்சி.

மேளம் நின்றது. ஒரே வேலையை எத்தனை தடவை கேட்டாலும் ஒரு தடவைதான் செய்யணும், ஒரு முடிச்சு விழுந்தாச்சு, வேலை முடிஞ்சாச்சு என்று அவர் விளக்கினார். ஐயர் சாஸ்திரத்தைச் சொன்னார், அண்ணாச்சி மதுரையைச் சொன்னார். டீ டம்ளர்களை நினைத்துப் பார்க்கும்படி வைரவன் எல்லாரையும் கேட்டுக்கொண்டான். ஆவுடையப்பன் இரண்டு பேருக்கும் ஆமாம் என்று தலையாட்டினார். தவசி பயந்துபோய் செண்பகவல்லியைப் பார்த்தான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"ஒரு முடிச்சு போதும். மிச்ச ரெண்டும் இருக்கட்டும். இவங்க கூப்பிட்டு நான் பதில் சொல்லலைன்னா, அப்ப மறுபடி போட்டுக்கிடட்டும்."

விதிப்படி அது சரிதான் என்று அண்ணாச்சி ஒப்புக்கொண்டார். இப்போது அவர்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். மிச்ச இரண்டு முடிச்சும் இன்னும் பாக்கிதான். தவசி அடுப்படியைப் பார்த்து என்ன கேட்டாலும், எவ்வளவு மெல்லக் கேட்டாலும், செண்பகவல்லி முதல் தடவையிலேயே பதில் சொல்லிவிடுகிறாள். ராத்திரி சாப்பிட உட்காரும்போது அவன் "இடம் இருக்கா?" என்று கேட்பான். வீட்டில் மூன்றே பேர், மூன்றே தட்டு. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "பதினாலாம் தட்டு காலி" என்பாள். மூன்று பேரும் வரிசையில் நிற்பார்கள்.